தலைவர் பேசிய பேச்சு

இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியதுதான் அப்பாவும் மகனும் சேர்ந்து செய்த கடைசி வேலை. ஜெபின் ஊற்றினான். ஜீவானந்தம் டார்ச் பிடித்தார். வெளிச்சம் சுவரில் விழுந்துகொண்டிருந்தது.

"அப்பா, லைட்ட இங்க காட்டுங்க."

"அந்த நாவல்ல வர்ற தலைவர் நான்தான்டா," என்றார் அவர்.

நாவலை வாங்கித் தந்தவன் ஜெபின். பழைய கிரேக்கத் துயர நாடகம் ஒன்றை இந்தக் காலத்துத் துறைமுக ஊருக்குக் கொண்டுவந்த கதை. கலகத்தில் செத்த தன் அக்கா மகனை அடக்கம் செய்யக் கூடாது என்கிறார் நகர்மன்றத் தலைவர். செத்தவனின் தங்கை மீறுகிறாள்.

ஜீவானந்தம் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். முடிச்சூர் கிறிஸ்தவ சபையின் கமிட்டிச் செயலாளர். சபை நாற்காலியைச் சொந்தக்காரனுக்குக்கூட இரவல் தர மாட்டார். "அவரு வூட்டுக் கல்யாணத்துக்கே வாடகை கட்டுவாரு" என்று கேலி செய்வார்கள். அவருக்கு அது பட்டம் மாதிரி.

தம்பி தாவீது வேறு சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்ததால் இங்கே உறுப்பினர் பட்டியலில் அவர் பேர் நீக்கப்பட்டது. அவர் இறந்தபோது மகள் கிருபா, உறுப்பினர்களுக்கு மட்டுமேயான சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு வந்தாள்.

"உங்க தம்பிதானே, விட்டுடலாம்," என்றார் ஆயர்.

"என் தம்பிங்கறதாலதான் முடியாது ஐயா."

"தாத்தா பாட்டி உள்ள இருக்காங்க பெரியப்பா. எங்கப்பா மட்டும் வெளியவா?"

ஜீவானந்தம் கல்லறைத் தோட்டத்துச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தாவீதைப் பொது மயானத்தில் புதைத்தார்கள். அண்ணன் அங்கேயும் போகவில்லை.

"நியாயமா நடந்தேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றார் டார்ச்சைப் பிடித்தபடி. "அந்த ஆள் பேசறதப் படிச்சா அசிங்கமா இருக்கு. எல்லாம் நான் பேசினது."

"கதைதானேப்பா."

"கதைன்னு தெரியும்டா. மூஞ்சி என்னோடதா இருக்கே. சனிக்கிழமை பொத்தேரி போறேன், கிருபா வீட்டுக்கு. மன்னிப்புக் கேக்கணும்."

"நானும் வரேன்."

"வேணாம். நீ வந்தா உன்னப் பேச விட்டுட்டு நான் காபி குடிச்சுட்டு வந்துடுவேன்."

வெள்ளிக்கிழமை காலை குளியலறையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை அடக்கம். அவருடைய அப்பா அம்மா பக்கத்திலேயே இடம் தந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கிருபா வந்திருந்தாள்; கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். ஜெபின் அவளிடம் போனான்.

"பெரியப்பா போன் பண்ணாரு அண்ணா. சனிக்கிழமை வீட்ல இருப்பியாம்மான்னு கேட்டாரு. எதுக்குன்னு சொல்லல."

அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த மன்னிப்பு அப்பா வாயால் வந்திருக்க வேண்டியது.

"உன்னப் பாக்க வரணும்னு இருந்தாரு," என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.