கிராண்ட் கேட்கப் போன வீட்டு ஏஜென்ட்

விஞ்ஞானிகள்மேல் உங்களுக்கு அளவுகடந்த மரியாதை இருந்தால், கொஞ்ச நாள் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பாருங்கள். சரியாகிவிடும். பட்டம் வாங்கிய கையோடு, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றும் கனவில் உள்ளே போனவன் நான். அங்கே முக்கால்வாசி நேரம் நடப்பது பணம் கேட்கும் வேலை. கண்ணியமாக, ஆங்கிலத்தில், அடிக்குறிப்புகளோடு கேட்போம்.

நாங்கள் தேடுவது பார்க்கின்சன்ஸ் நோய்க்குக் காரணமான மரபணுக்களை. கை நடுங்கும், நடை சுருங்கும், முகம் இறுகிப்போகும் நோய் அது. உலகத்தில் இதுவரை படித்து வைத்திருக்கும் மரபணுக்களில் பெரும்பாலானவை வெள்ளைக்காரர்களுடையவை. இந்தியர்களின் ரத்தத்தையும் சேர்த்துப் படிக்க ஆய்வு நிதி, அதாவது கிராண்ட், வேண்டும் என்று எங்கள் பாஸ் விண்ணப்பித்திருந்தார். சீனப் பெண்மணி, மகா கெட்டிக்காரி. நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. ஒரு நோயாளியையும் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். இப்போது அதுதான் ஃபேஷன். கூடத்தில் ஒரே தமிழ் முகம் நான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு ஞாபகம் வந்தது கிளமெண்டி வட்டாரத்தில் இருக்கும் ஓர் அக்கா. ஏற்கெனவே எங்களுக்கு ரத்தம் கொடுத்தவர். வீட்டு ஏஜென்ட், நாற்பதுகளில் இருப்பார். அதற்குள் வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. வீடு காட்டும்போது அந்தக் கையில் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொள்வாராம். சாவி கிலுகிலுப்பதைக் கேட்டு, அவர் அவசரப்படுகிறார், அடுத்த பார்ட்டி வாசலில் நிற்கிறது என்று நினைத்துச் சிலர் விலையை ஏற்றிக் கேட்பார்களாம்.

அவருடைய அப்பாவுக்கும் இதே நோய். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள் இருக்கிறாள். ரத்தம் கொடுத்த அன்றே அக்கா கேட்டது ஒன்றுதான்.

"இது என் ஜீன்ல இருக்கா, என் மகளுக்கு வருமா, அத மட்டும் சொல்லுவீங்களா?"

சொல்ல மாட்டோம். இது ஆராய்ச்சி, மருத்துவப் பரிசோதனை இல்லை, தனி ஆளுக்கு முடிவு கிடையாது என்பது எங்கள் விதி. அதை நான் மென்று முழுங்கிச் சொன்னேன். அக்கா ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

நேர்காணலுக்கு ஒத்திகை தேக்காவில், ஒரு தோசைக் கடையில் நடந்தது.

"அக்கா, 'வருங்காலத் தலைமுறைக்கு நம்பிக்கை'ன்னு சொல்லிடுங்க. போதும்."

"யாரு எழுதிக் குடுத்தா இத?"

"நான்தான்."

"டிகிரி வாங்கிட்டியா நீ?"

"வாங்கிட்டேன்கா."

"ஃபீஸ திருப்பிக் கேளு லா."

மடிக்கணினியை இழுத்து ஸ்லைடுகளைத் தள்ளிப் பார்த்தார். "இது என்ன, இடியாப்பத்த தட்டுல கொட்டுன மாதிரி?"

"உங்க டிஎன்ஏ டேட்டா."

"வீடு பாக்க வர்றவனுக்கு மொதல்ல ஹால காட்டணும் தம்பி. நீ எடுத்ததும் டாய்லெட் பைப்ப காட்டுற." பிறகு தே தாரிக் தேநீரை இடது கையால் எடுத்துக் குடித்தார். "வர்றேன். ஆனா பொய் சொல்ல மாட்டேன்."

"நீங்க வீட்டு ஏஜென்ட்தானே?"

"செருப்பு பிஞ்சிரும்."

நேர்காணல் அறையில் நீள மேசை, அதற்குப் பின்னால் வரிசையாகப் பெரிய மூளைகள். பாஸ் அருமையாகப் பேசினார். நடுவில் இருந்த நரைத்த தலைக்காரர் அக்காவிடம் திரும்பி, இந்த ஆய்வால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டார். நான் மூலையிலிருந்து 'நம்பிக்கை, நம்பிக்கை' என்று வாயசைத்தேன்.

"சூப்பர்மார்க்கெட் வவுச்சர்" என்றார் அக்கா. ரத்தம் கொடுத்ததற்கு நாங்கள் தந்த கூப்பன் அது.

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவர் ஆங்கிலத்தில் மேலே சொன்னது தமிழில் இப்படி வரும்: "என் ரத்தம் இவங்ககிட்ட இருக்கு. அதுல என்ன இருக்குன்னு இவங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஒழுகுற வீட்ட மறைச்சு வித்தா எனக்கு லைசென்ஸ் போயிடும். இவங்களுக்கு மறைக்கிறதுதான் ரூலு. பணத்த குடுங்க, வேணாங்கல. எங்க ஆளுங்கள வேற யாரும் பாக்கக்கூட இல்ல. ஆனா கேக்குறவங்களுக்கு முடிவ சொல்லிட்டுப் படிங்க."

பாஸின் முகம் வெந்த இறால்போல் ஆனது. லிஃப்டில் அக்கா கண்ணாடியில் உதட்டுச் சாயத்தைச் சரிபார்த்தார்.

பணம் வந்தது! கூடவே ஒரு நிபந்தனையும். கேட்பவர்களுக்கு முடிவைச் சொல்ல வேண்டும், அதற்கென மரபணு ஆலோசகர் ஒருவரை வைக்க வேண்டும், எல்லாம் இதே பணத்துக்குள். பாஸ் ஆசைப்பட்டிருந்த புது இயந்திரம் அதோடு போயிற்று. கொஞ்ச நாளைக்கு என் குட் மார்னிங்குக்குப் பதிலே வரவில்லை.

அக்காவின் ரத்தத்தை முறைப்படி மறுபடி சோதித்தார்கள். முடிவு சொல்லும் நாளில் துணைக்கு நானும் உட்கார்ந்தேன். ஆலோசகர் சாந்தமான மலாய்ப் பெண். ஒரு மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது என்றார். அது நோயைக் கொண்டுவருவதா, சும்மா இருப்பதா என்று தெரியவில்லை. ஆரோக்கியமான தமிழர்கள் பலரிடமும் அது இருந்தால் பயமில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அத்தனை தமிழர்களின் மரபணுக்கள் எங்கேயும் சேர்த்து வைக்கப்படவில்லை.

"தெரியாதுன்னு சொல்லவா இத்தன கூத்து?" அக்கா என்னைப் பார்த்தார். "என் மககிட்ட நான் என்னன்னு சொல்ல?"

ஒப்பிட ஆள் போதவில்லை என்பதை நான் தமிழில் இன்னொரு முறை சொன்னேன்.

அக்கா முடிவுத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார். "நல்லா இருக்குறவங்க ரத்தமும் வேணுமா?"

"அதுதான்கா ரொம்ப வேணும். வயசானவங்களா இருந்தா இன்னும் நல்லது, அந்த வயசுலயும் நோய் வரலல்ல. நோய் இல்லாதவங்க யாரும் வர மாட்டேங்கறாங்க."

அவர் கைப்பேசியை எடுத்தார். இத்தனை வருடத்தில் வீடு வாங்கியவர், விற்றவர், பார்த்துவிட்டு ஓடியவர் எல்லாரும் அதற்குள் இருந்தார்கள். விதிப்படி இப்படி ஆள் சேர்க்க முன்அனுமதி வேண்டும் என்று ஆலோசகர் என் காதில் சொன்னார். நான் அக்காவிடம் சொல்வதற்குள் மணி அடித்து, சுவா சூ காங் வட்டாரத்தில் யாரோ எடுத்துவிட்டார்கள்.

"அண்ணே, நான்தான். ஐயோ, வீட்டு விஷயம் இல்ல, பயப்படாதீங்க. கொஞ்சம் ரத்தம் வேணும். அட, வவுச்சர் தர்றாங்க லா. அம்மா நல்லா நடமாடுறாங்கள்ல? அவங்களையும் கூட்டிட்டு வாங்க. எனக்கா? எனக்கு என்னன்னே தெரியலண்ணே. அதான் உங்கள கூப்புடுறேன்."