ஒரு மாலையில் மட்டும் தெரிந்த கீற்று

வால்நட்சத்திரங்களை நம்பக் கூடாது என்று ஹைதராபாத்துக்கு வந்த முதல் மாதமே முடிவு செய்துவிட்டேன். வெயில் பட்டால் அவற்றின் பனி ஆவியாகிச் சீறும். அந்த வாயு தூசியையும் அள்ளிக்கொண்டு கிளம்பும். பொடித் துகள்களை வெயிலே வெகுதூரம் தள்ளிவிடும், பெரிய துகள்கள் பின்தங்கும். வாலின் வடிவத்தை வைத்து எப்போது எவ்வளவு தூசி கிளம்பியது என்று கணினியில் கண்டுபிடிப்பது என் வேலை. துகளின் அளவைக் கொஞ்சம் மாற்றினால் போதும், எந்த வாலையும் வரவழைத்துவிடலாம். அப்புறம் எதை நம்புவது?

எங்கள் அறையில் எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவி ஒருவர் இருந்தார். செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்; பேச்சில் ஹைதராபாத் உருது எட்டிப் பார்க்கும். பெங்களூரில் அவருக்கு ஒரு வேலை காத்திருந்தது. ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் சேர முடியும். அதன் கடைசி அத்தியாயமோ ஒரே ஒரு மாலையில் எடுத்த படத்தை நம்பி நின்றது. அதில் வால்நட்சத்திரத்தின் தலையிலிருந்து ஒரு பக்கமாகக் கீற்று ஒன்று பீய்ச்சியடித்தது. ஜெட் என்போம்.

அவ்வளவு தூசி கிளம்பியிருந்தால் அடுத்த நாட்களில் அது வாலில் ஒரு பட்டையாக வந்து சேர வேண்டும். எங்கே வரும் என்றும் என் கணினி மாடல் சொன்னது. அந்த நாட்களின் படங்களில் அங்கே ஒன்றுமில்லை.

"துகளைப் பெருசாக்கிப் பாருடா," என்றார் அவர். "மெல்ல நகரும். பட்டை தலைக்குள்ளயே இருக்கும்."

"அப்படிப் பாத்தா எது வேணா சரியா வரும்க்கா. ஜெட் படத்தை எப்படி எடுத்தீங்க?"

நாற்காலியோடு திரும்பினார். "கைக்கு? ஏன் கேக்கற? சார் கேக்கச் சொன்னாரா?"

"இல்லக்கா, சும்மா."

"சும்மா கேக்கற மூஞ்சியா இது? போலீஸ் மாதிரி வந்து நிக்கிற."

அன்றிலிருந்து டீ குடிக்கப் போனால்கூடத் திரையைப் பூட்டிவிட்டுப் போனார். எனக்குச் சந்தேகம் கூடியது. பொது ஃபோல்டரில் அந்த மாலையின் மூலப் படங்களை மட்டும் காணவில்லை. கேட்டேன். ஒரு பென் டிரைவை மேஜையில் எறிந்தார்.

"நக்கோ, தர மாட்டேன்னா இன்னும் சந்தேகப்படுவே. இந்தா."

ஜெட் தெரிவதற்காக, தலையின் மையத்தைச் சுற்றிப் படத்தைச் சற்றே திருப்பி, அதை மூலப் படத்திலிருந்து கழிப்போம். சீரான ஒளி போய்விடும், சீரற்றது மிஞ்சும். எல்லாம் மையத்தைப் பொறுத்தது. எங்கள் அறையின் வழக்கம், மிகப் பிரகாசமான புள்ளியைக் கணினியே மையமாக எடுத்துக்கொள்ளும். வான வரைபடத்தில் பார்த்தேன். அந்த மாலை ஒரு மங்கலான நட்சத்திரம் வால்நட்சத்திரத்தின் தலையை ஒட்டிப் பின்னால் இருந்திருக்கிறது. அதன் ஒளியும் சேர்ந்து, பிரகாசமான புள்ளி அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது.

அவரைக் கூப்பிட்டேன். மையத்தைக் கொஞ்சம் இழுத்தேன்; ஜெட் மறைந்தது. இன்னும் இழுத்தேன், எதிர்ப்பக்கத்தில் முளைத்தது.

"தள்ளு," என்று மவுஸை வாங்கி அவரே செய்து பார்த்தார். திரும்பத் திரும்பச் செய்தார்.

"ஹவ், ஆமாடா. ஜெட் இல்ல."

மவுஸை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ ஏற்கெனவே சார்கிட்டப் போட்டுக் குடுத்துட்டியோன்னு பாத்துட்டே இருந்தேன்," என்றார்.

"நீங்க படத்தை அழிச்சிருவீங்களோன்னு நானும்."

"அடப்பாவி!" அவருக்குச் சிரிப்பு வந்தது, நிற்கவில்லை. பெங்களூருக்கு ஒரு மெயில் அடித்தார்: இன்னும் சில மாதங்கள் காத்திருக்க முடியுமா என்று. பிறகு எங்கள் வழிகாட்டியான சாரின் அறைக்குக் கிளம்பினார். கதவருகே நின்றார்.

"உன் மாடலுக்குக் குடுத்த படங்களுக்கும் மையம் அதே மாதிரிதானே எடுத்தே?"

அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அவர் போனதும், மையத்தைச் சரிபார்க்க, மாடலுக்குக் கொடுத்தவற்றில் முதல் நாள் படத்தைத் திறந்தேன்.