விலை கேட்கும் சோமசேகரம்

கத்தரிக்காயை எடுத்துக் காம்பைத் திருகிப் பார்த்துவிட்டு, திரும்பவும் குவியலிலேயே வைத்து, "இண்டைக்கு இறாத்தல் என்ன போகுது?" என்று கேட்கிறார் சோமசேகரம் வாத்தியார். பதில் கிடைத்ததும் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த பனையோலைக் கடகத்துக்கு நகர்ந்துவிடுவார். வாங்குவது என்ற பேச்சே கிடையாது. கொடிகாமம் சந்தையில் அவரை அறியாதவர் இல்லை.

இங்கிலாந்து ராசாவின் முடிசூட்டு விழாவுக்கென்று தைத்த கறுப்புக் கோட்டை எந்த வெயிலிலும் கழற்றமாட்டார். "கோட்டில்லாமல் போனால் ஆர் மதிச்சு விலை சொல்லுவினம்?" என்பது அவர் கட்சி.

கல்லூரியில் கணக்குப் படிப்பிக்கிற மனிதருக்குப் பொருளாதாரத்திலும் நிதியிலும் மேற்பட்டம் எடுக்க ஆசை. அதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, சொன்ன புத்தகங்களைப் படித்துப் பரீட்சை எழுதுவது. அந்த வழியில் போனால் கொழும்பில் வங்கி உத்தியோகம் காத்திருக்கிறது. மனைவி மீனாம்பிகையின் தமையன் பஞ்சலிங்கம் சொல்லிவைத்திருக்கிறார், பொங்கலுக்கு முன் பதில் வேண்டுமாம். மற்றது ஆராய்ச்சி. தானே ஒரு கேள்வியை எழுப்பித் தானே விடை தேடவேண்டும். உத்தியோகம் நிச்சயமில்லை, முடியும் காலமும் தெரியாது. ஆனாலும் மனிதரின் மனம் அங்கேதான் கிடந்தது.

"மலாயாவிலை ரப்பர் விலை விழுந்தால் கொடிகாமத்திலை கத்தரிக்காய் விலையும் விழுமோ? அங்கையிருந்து பிள்ளையள் அனுப்பிற காசிலைதானே இஞ்சை கன அடுப்பு எரியுது. ஆரும் யோசிச்சுப் பாத்தவையோ? அதுக்குத்தான் நான் சந்தை விலையளைக் கேட்டுக் குறிச்சுக்கொண்டு வாறன்." என்று வழியில் போகிறவரை மறித்துக் கேட்பார். போகிறவர், பாவம், பஸ்ஸைத் தவறவிட்டு நிற்பார்.

மார்கழியில் ஒருநாள் சந்தையில் மழை பிடித்துக்கொண்டது. வண்டில் மறைவில் ஒதுங்கி நின்ற வாத்தியாரின் காதில், கத்தரிக்காய் விற்கும் இரத்தினம்மா வேறொருவருக்கு விலை சொல்வது விழுந்தது. சற்று முன் அவரிடம் மூன்று சதம் என்றவள் இப்போது ஐந்து என்கிறாள். நேரே போய்க் கேட்டார்.

"உங்களுக்குச் சந்தை விலை சொல்ல வாய் வருமோ, வாத்தியார்? என்ரை பெடியனுக்குப் படிப்பிச்சனீங்கள். இஞ்சை எல்லாரும் உங்களுக்குக் குறைச்சுத்தான் சொல்லுறது." சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளே தொடர்ந்தாள்: "நீங்கள் வாங்கிறேல்லைத்தானே, எங்களுக்கென்ன நட்டம்?"

மனிதர் இடிந்துபோனார். இவ்வளவு காலமும் அலைந்து திரட்டியது முழுவதும் மரியாதை விலை. அதை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்தால், கொடிகாமத்துச் சனம் வாத்தியாரில் எவ்வளவு பட்சம் வைத்திருக்கிறது என்பதைத்தான் நிரூபிக்கலாம்.

"அப்ப மெய்யான விலையை நான் எப்பிடி அறியிறது?"

"அதுக்கு நீங்கள் இஞ்சாலை வந்து என்ரை பக்கத்திலை இருக்கவேணும்" என்றாள் இரத்தினம்மா பகிடியாக.

அன்று வீட்டில் மீனாம்பிகையிடம் சொன்னார்: "கொழும்புக்கே போவம். எனக்குப் பரீட்சைப் படிப்பே காணும், ஆராய்ச்சி வேண்டாம்." சொல்லிவிட்டு, பாதிச் சோற்றோடு கையைக் கழுவினார். 

பொங்கலுக்கு முந்திய சந்தைக்கு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். பானையும் கரும்பும் வாங்கியாயிற்று. இரத்தினம்மாவின் கடகத்தடியில் வாத்தியாரின் கால் தானாக நின்றது. விலை கேட்கவில்லை; சும்மா நின்றார்.

"இஞ்சருங்கோ, தபால் கந்தோர் பூட்டப்போறாங்கள். பஞ்சலிங்கம் அண்ணைக்கு ஓமெண்டு தந்தி அடிக்கிறதோ?" என்றாள் மீனாம்பிகை.

சோமசேகரம் கறுப்புக் கோட்டைக் கழற்றி மனைவியின் கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குவியலைச் சுற்றிப் போய், இரத்தினம்மாவின் பக்கத்தில் விரித்திருந்த சாக்கில் சப்பாணி கட்டி இருந்தார். யாரோ ஒருவர் வந்து குனிந்து, ஒரு காயை எடுத்துக் காம்பைத் திருகிப் பார்த்து, "என்ன விலை?" என்று கேட்டார். வாத்தியார் மூச்சுக்கூட விடாமல் இரத்தினம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.