நாங்கள் சாப்பாடு போட்ட ஞாயிற்றுக்கிழமை

எனக்கு முன்கோபம் உண்டு. வாயும் சும்மா இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யார் மீது தப்பு என்று நீங்கள் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

எங்கள் வீடு துடியலூரில். வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருக்கிறார், பம்புசெட்டுக்கான உதிரி பாகங்கள் கடைந்து கொடுப்பார். பட்டறையில் பில் போடுவதும் போன் எடுப்பதும் நான்தான். ஒரே மகள். இது நடந்தபோது ஏழாம் வகுப்பு. காலை ஏழேகாலுக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். அதற்குள் அவளை எழுப்பி, ரெண்டு ஜடை பின்னி, சாப்பாட்டு டப்பா கட்டி, காணாமல் போன சாக்ஸை கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, கேட் வரைக்கும் துரத்திக்கொண்டு போய் ஏற்றிவிட வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் என் குரல் மட்டும்தான் கேட்கும். அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அவளுடைய முதல் பிறந்தநாளிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருந்தோம். மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு எங்களுடையது. எங்கள் பக்கத்தில் இது இப்போது எல்லோரும் செய்வதுதான். பிறந்தநாள், கல்யாண நாள், இறந்தவர்களுக்குத் திதி, எதுவானாலும் இல்லத்துக்கு ஒரு வேளை சாப்பாடு சொல்லிவிடுவார்கள். இல்லத்து ஆபீஸ் ரூமில் ஒரு காலண்டர் தொங்கும். முகூர்த்தத்துக்கு மண்டபம் பிடிப்பதுபோல ஞாயிற்றுக்கிழமைகளை முன்கூட்டியே பிடித்து வைக்க வேண்டும். சாப்பாடு மட்டும் இல்லை, ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுப்போம், மார்கழிக்கு முன்னால் ஸ்வெட்டர். கொடுக்கிற மனசு எனக்கு உண்டு, அது பொய்யில்லை. கொடுத்தது நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசையும் உண்டு. கேட்டால், நம்மைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் செய்வார்கள் இல்லையா என்பேன்.

அந்த வருடம் ஜூனில் மகளின் வகுப்புக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். வந்த ஒரே வாரத்தில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தால் அந்தப் பெண் பேச்சுதான். கணக்கு நன்றாகப் போடுவாளாம். கோகோ விளையாட்டில் அவளைப் பிடிக்கவே முடியாதாம். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார்களாம், இவள் இங்கே சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாளாம்.

"ஒரு நாளைக்கு ஊட்டுக்குக் கூட்டிட்டு வா அம்மணி, பணியாரம் சுட்டுத் தாரேன்" என்று நான்கூடச் சொன்னேன்.

"அவங்க சித்தி எங்கீமே உட மாட்டாங்களாம்மா" என்றாள்.

என்ன சித்தியோ என்று அந்த முகம் தெரியாத சித்தியைத் திட்டிவிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன்.

கார்த்திகையில் மகளுக்குப் பிறந்தநாள். அந்த முறை ஞாயிற்றுக்கிழமையாகவே வந்துவிட்டது. பிரிஞ்சி, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஜிலேபி என்று சமையல்காரரிடம் சொல்லி, பெரிய கேக் ஒன்றும் வாங்கிக்கொண்டு போனோம். இல்லத்தில் கீழே ஒரு ஹால். குழந்தைகள் எல்லோரும் குளித்து, எண்ணெய் வைத்துத் தலை வாரி, தட்டுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாடு போடுகிறவர்கள் வந்து, குழந்தைகள் வாழ்த்துப் பாடி, கேக் வெட்டி, அதன் பிறகுதான் பந்தி தொடங்கும். அதுவரை பிள்ளைகள் ஜிலேபி வாசனையை மோந்துகொண்டு கை கட்டி உட்கார்ந்திருக்கும். சின்னதுகள் எச்சில் விழுங்குவது நன்றாகவே தெரியும். பன்னிரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம்கூட எனக்கு அது உறுத்தவில்லை.

ஹாலுக்குள் காலை வைத்த மகள் அப்படியே நின்றாள். முகம் மாறிப் போனது. என் பக்கம் திரும்பி, "அம்மா, எனக்கு வயிறு வலிக்குது. நான் கார்ல இருக்கேன்" என்றாள்.

காலையில் நாலு பூரி சாப்பிட்டவள். இவளுக்கு என்ன வயிற்று வலி? பெரிய பெண் ஆகிறாள், இந்தக் குழந்தைகளோடு உட்கார்ந்து கேக் வெட்ட மானக்கேடாக இருக்கிறது போல என்று நானாக முடிவு செய்துகொண்டேன். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"ஏன், இவங்கெல்லாம் உனக்கு எளப்பமாப் போயிட்டாங்களா? உங்கப்பனும் நானும் கஷ்டப்பட்டு வந்தவங்கதான், தெரிஞ்சுக்கோ. ஒழுங்கா வந்து நில்லு."

மெதுவாகச் சொன்னதாகத்தான் நான் நினைத்தேன். என் குரல் எனக்குத் தெரியாதா. ஹாலே திரும்பிப் பார்த்தது. அவள் கையை இறுக்கிப் பிடித்து மேசை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்காரர், "உடு அம்மணி, புள்ளைக்கு நெசமாலுமே முடியலையோ என்னமோ" என்றார். அவரையும் ஒரு முறை முறைத்தேன்.

கேக் வெட்டியதும் முதல் துண்டை இல்லத்துக் குழந்தை ஒன்றுக்கு ஊட்டிவிட வேண்டும். இதுவும் நான் ஆரம்பித்து வைத்ததுதான். யாரைக் கூப்பிடலாம் என்று பார்த்தேன். மூன்றாவது வரிசையின் கடைசியில் ஒரு பெண், தாடை நெஞ்சில் படுகிற மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தது. பாவம், கூச்ச சுபாவம் போல, இதைத்தான் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது.

"அந்தக் கடைசிப் புள்ளை, இங்க வா கண்ணு."

அது நகரவில்லை. வார்டன் அம்மா போய்த் தோளைத் தொட்டு எழுப்பிவிட்டார். வந்தது. என் மகள் கேக்கை நீட்டினாள். அந்தப் பெண் வாயைத் திறந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. நான் போனைத் தூக்கி, "ரெண்டு பேரும் சித்த சிரிங்க" என்றேன். குழந்தைகளைப் படம் எடுக்கக் கூடாது என்று ஆபீஸ் ரூமில் பலகை இருக்கிறது. எனக்கும் தெரியும். ஆனால் வார்டன் அம்மா எப்போதும், "நீங்க நம்ம ஆளுங்க, எடுத்துக்குங்க அக்கா" என்பார். நம்ம ஆள் என்ற பெருமையில் நாலு படம் எடுத்தேன்.

திரும்பும் வழியெல்லாம் காரில் பாடம் நடத்தினேன். மனிதர்களை மதிப்பது எப்படி, கர்வம் எங்கே கொண்டுபோய் விடும் என்றெல்லாம். மகள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவளை ஒரு வார்த்தை பேச விட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. நான் விட்டால்தானே.

வீட்டுக்கு வந்ததும் படத்தை வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். வகுப்பு அம்மாக்கள் குரூப்பிலும் போட்டு, பிள்ளைகளுக்குப் பகிர்ந்துண்ணப் பழக்குவோம் என்று நாலு வரி எழுதினேன். கைதட்டலும் இதயமுமாக வந்து விழுந்தது. டீ குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நடுவில் ஒரு அம்மா, "இந்தப் பொண்ணு நம்ம பசங்க கிளாஸ் இல்லீங்களா? சித்தி வீட்ல இருக்கறதா என் மக சொன்னாளே" என்று எழுதியிருந்தார்.

அதைப் படித்தபோதும் எனக்கு உறைக்கவில்லை என்றால் நம்புவீர்களா. "அப்படீங்களா, உலகம் எவ்வளவு சின்னது பாருங்க" என்று பதில் போட்டேன். ஒரு சிரிப்புப் பொம்மையும் சேர்த்து.

திங்கட்கிழமை சாயங்காலம் மகள் வேனை விட்டு இறங்கி வந்தாள். பையை வைத்தாள். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. என்றைக்கும் இல்லாத நிதானத்தோடு பேசினாள்.

"நேத்து ஹாலுக்குள்ள போனதுமே அவ என்னைப் பாத்து இல்லைன்னு தலையாட்டினாம்மா. தெரியாத மாதிரி இருந்துக்கோன்னு. அதுக்குத்தான் நான் கார்ல போய் உக்காந்துக்கறேன்னு சொன்னேன்."

நான் அடுப்பை அணைத்தேன்.

"இன்னைக்கு எல்லாரும் அவகிட்ட, கேக் நல்லா இருந்துச்சா, தெனமும் யாராவது வந்து ஊட்டி உடுவாங்களான்னு கேட்டாங்க. அவ மத்தியானம் சாப்பிடவே இல்லை. கடைசி பெஞ்சுக்கு மாறிப் போயிட்டா. அவ இல்லத்துல இருக்கறது மிஸ்ஸுக்கெல்லாம் மொதல்லயே தெரியுமாம்மா. ஒருத்தர்கூட சொல்லல. நீதான்…"

அப்படியே ஷூவோடு உள்ளே போய்விட்டாள். சொல்லித் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். நான் கர்வம் என்று நினைத்துக் கையை இழுத்தேனே, அது தன் சிநேகிதியைக் காப்பாற்ற என் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே வழி. எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது. போனை எடுத்துப் படத்தை அழித்தேன். அதற்குள் ஊரே பார்த்தாகிவிட்டது, யார் யார் போனில் எல்லாம் இருக்கிறதோ. பட்டறையிலிருந்து வந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். கை கழுவிக்கொண்டே கேட்டார். "நீ எப்பவுமே செஞ்சுபோட்டுத்தான் யோசிப்பே" என்றார். வேறு நாளாக இருந்தால் அதற்கு ஒரு சண்டை நடந்திருக்கும்.

அந்த வாரம் முழுக்க மகள் சாக்ஸைத் தானே தேடிப் போட்டுக்கொண்டு போனாள். சனிக்கிழமை, இல்லத்துக்குப் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கலாம், வா என்று கூப்பிட்டேன். "நான் வந்தா அவளுக்கு இன்னும் கஷ்டம்" என்றாள். தனியாகத்தான் போனேன். வழியில் ஒரு துணிக்கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டேன். நல்ல சுடிதார் ஒன்று எடுத்துக்கொண்டு போகலாம் என்று. அட, இன்னும் உனக்குப் புத்தி வரவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

வார்டன் அம்மாவுக்கு நான் வந்தது ஆச்சரியம். "ஏனுங்க அக்கா, சொல்லாமக்கொள்ளாம வந்திருக்கீங்க" என்று நாற்காலி போட்டார். அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும் என்றேன். மறுக்கவில்லை. நான் கேட்டால் அங்கே யாரும் எதையும் மறுப்பதில்லை என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது.

அவள் வந்தாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்ச் இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்திருப்பாள் போல, கையெல்லாம் சோப்பு நுரை. பாவாடையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணு, ஆன்ட்டி தெரியாம பெரிய தப்புப் பண்ணிப்போட்டேன். அந்தப் படத்தைப் போட்டிருக்கக் கூடாது. உன்னை அப்படிக் கூப்பிட்டு நிக்க வெச்சிருக்கவும் கூடாது. என்னை மன்னிச்சுக்கோ சாமி."

"பரவால்லீங்க ஆன்ட்டி."

பந்தியில் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டால் இல்லத்துப் பிள்ளைகள் போதுமுங்க என்று சொல்லுமே, அதே வேகத்தில் வந்தது பதில்.

"எம்மக மேல கோவிச்சுக்காதே. அவ ஒண்ணும் சொல்லல. எல்லாம் நான் பண்ணுனதுதான்."

"அவ மேல கோவமில்லீங்க."

சும்மா இருந்திருக்கலாம். "உனக்கு என்ன வேணும்னு கேளு கண்ணு, ஆன்ட்டி கண்டிப்பாச் செய்யறேன்" என்றேன். பாருங்கள், மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் என் வாயில் வந்தது அதுதான்.

அவள் தரையைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"அடுத்த வருசம் நீங்க சாப்பாடு போட வாரப்ப நான் மாடியிலயே இருந்துக்கட்டுங்களா? யாராவது வந்தா எல்லாரும் கீழ வந்து உக்காரோணும்னு ரூல்ஸுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா வார்டனம்மா உட்டுருவாங்க. எனக்குச் சாப்பாடு இல்லீன்னாலும் பரவால்லீங்க."

"நாங்க வரவே மாட்டோம் கண்ணு" என்றேன். "இனிமே இந்தப் பக்கமே வரல, போதுமா?"

அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப் போனது. சட்டென்று கிட்ட வந்து ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க ஆன்ட்டி. வராம இருந்துராதீங்க. என்னாலதான் சாப்பாடு நின்னு போச்சுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. சின்னப் பசங்கெல்லாம் ஜிலேபி எப்ப வரும்னு இப்பவே கேட்டுட்டிருக்காங்க. நான் கீழயே உக்காந்துக்கறேனுங்க. மொதல் வரிசையிலயே வேணும்னாலும் உக்காந்துக்கறேன். போட்டோவுக்குச் சிரிக்கறேனுங்க."