மாமா சரியாக இழுத்த மூச்சு

பேய், பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரிக்கிறவள் நான். இதையும் நீங்கள் சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் அன்று அந்தக் குழாயைப் பிடித்திருந்தது என் கைதான். அதை யாராலும் மறுக்க முடியாது.

என் மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் பாழாகிவிட்டது. "இனிமே சரியாகாதும்மா. இருக்கிற மூச்சைக் காப்பாத்தத்தான் மருந்து" என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அங்கே நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் குழாய் கொடுத்தார். ஸ்பேசர் என்று பெயர். ஒரு முனையில் மருந்துப் பம்பைச் செருகி அழுத்த வேண்டும். மறுமுனையை வாயில் கவ்வி மெதுவாக இழுக்க வேண்டும். இழுத்தால் உள்ளே சின்ன மூடி ஒன்று 'டிக்' என்று திறக்கும். வேகமாக இழுத்தால் விசில் அடிக்கும்.

மாமாவுக்கு ஒருநாளும் மெதுவாக வரவில்லை. விசில்தான். உடனே இருமல்.

"விசில் அடிச்சா வண்டி கிளம்பிடும்மா" என்பார், கண்ணில் நீர் வழிய.

"பேசாம இழுங்க மாமா."

மருந்தில் பாதி தொண்டையோடு நின்றுவிடும். மனிதர் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தார்.

அன்று காலை வழக்கம்போல மருந்து கொடுத்துவிட்டுத் தையல் கம்பெனிக்குப் போனேன். கணவர் லாரியில் வெளியூர் போயிருந்தார். நான் திரும்பியபோது மாலை நாலு மணி.

கதவைத் திறந்ததுமே ஏதோ சரியில்லை. மாமாவின் மூச்சு வாசல் வரைக்கும் கேட்கும். பூனைக்குட்டி கத்துகிற மாதிரி. அன்று வீடு... அமைதியாக இருந்தது.

கட்டிலில் தலையணைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது.

"மாமா, மருந்து நேரம்."

வாயை மட்டும் திறந்தார்.

பம்பைக் குலுக்கிச் செருகினேன். குழாயைக் கவ்வினார். அழுத்தினேன். புஸ்ஸ்...

டிக்.

விசில் இல்லை. இருமல் இல்லை. மெதுவாக, நீளமாக... மருந்துப் புகை முழுவதும் உள்ளே போனது.

"பாத்தீங்களா, வந்துடுச்சே!" என்றேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

நர்ஸ் சொன்னபடி பத்து வரை எண்ணினேன்.

"போதும், மூச்சை விடுங்க மாமா."

விடவில்லை.

இன்னும் எண்ணினேன்... விடவில்லை.

குழாயை உருவினேன். வாய் மூடிக்கொண்டது. தினமும் அவர் மூச்சுப்பட்டுக் குழாய்க்குள் பனி படிந்திருக்கும். அன்று துளி ஈரம் இல்லை.

நெஞ்சைப் பார்த்தேன். அசையவில்லை.

"மாமா...?"

என் கையில் இருந்த குழாய்...

டிக்.

யார் வாயிலும் இல்லை அது.

டிக்.

டிக்.

வீசி எறிந்துவிட்டு ஓடினேன். தெருமுனை கிளினிக் டாக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் நாடி பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கடைசியா எப்பம்மா பேசினாரு?"

"காலையில. ஆனா இப்பதான் டாக்டர் மருந்து கொடுத்தேன். நல்லா இழுத்தாரு..."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாமாவின் தாடையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். மறுபடியும், பலமாக அழுத்தினார்.

"உயிர் போய் அஞ்சு மணி நேரமாவது ஆகியிருக்கும்மா" என்றார். "பல்லு கிட்டிப்போச்சு. இந்த வாயை இனிமே யாராலயும் திறக்க முடியாது."