ஏழு கிளாஸ் சிரப்

சுவிட்சர்லாந்தின் துன் நகரில் எங்கள் சமையலறை முழுக்க ராஸ்பெரி சிரப் வாசம். தரைகூடப் பிசுபிசுத்தது.

2011 குளிர்காலம். மகன் ஆரூரனின் பிறந்தநாள். குடிக்கக் கலக்கும் பொறுப்பு மகள் யாழினிக்கு. அப்போது அவள் ஆறாம் வகுப்பு. பிள்ளைகளை ‘செகுண்டார்’ என்ற மேல்பிரிவுக்கும் ‘ரியால்’ என்ற கீழ்ப்பிரிவுக்கும் பிரிக்கும் வருடம். செகுண்டார் கிடைத்தால்தான் அவள் ஆசைப்பட்ட ஜிம்னாசியத்துக்கு, பல்கலைக்கழகம் போக வைக்கும் அந்த உயர்பள்ளிக்கு, வழி. விகிதக் கணக்கு இப்படியே போனால் ரியால்தான் என்று ஆசிரியை சொல்லியிருந்தார்...

ஒரு ஜக்குக்கு ஒரு கிளாஸ் சிரப், ஆறு கிளாஸ் தண்ணீர். வருகிறவர்கள் அதிகம் என்பதால் தண்ணீரைப் பன்னிரண்டாக்கினாள். தண்ணீரில் ஆறு கூடியதே என்று சிரப்பிலும் ஆறு கூட்டி, ஏழு ஊற்றிவிட்டாள்.

ஆரூரன் ஒரு வாய் குடித்தான்.

“அக்கா, இது சிரப்போ, இருமல் மருந்தோ?”

“வாற ஆக்களுக்கு இனிப்பாத்தான் குடுக்கவேணும், விடு” என்றாள் என் மனைவி.

யாழினி சிரிக்கவில்லை. “சோதினையிலயும் இப்பிடித்தான் செய்தனான், அம்மா.”

பிறகு அவளாகவே ஒரு ஜக் சரியாகக் கலந்தாள். இன்னொன்றும் கலந்தாள். இரண்டையும் ஒரே பானையில் ஊற்றித் தம்பியிடம் நீட்டினாள்.

“இது ஓகே” என்றான்.

பானையையே பார்த்துக்கொண்டு நின்றாள்...

“அப்பா! ஒவ்வொரு ஜக்கும் தன்ர சிரப்பைத் தானே கொண்டு வருது! பன்னிரண்டு தண்ணிக்கு ரெண்டுதான்.”

பத்திரிகை வேலையில் எத்தனையோ நிபுணர்களைப் பேட்டி எடுத்திருக்கிறேன். இத்தனை சுருக்கமான விளக்கத்தை யாரும் தந்ததில்லை.

அடுத்து, கெட்டுப்போன முதல் கலவையைத் திரும்பிப் பார்த்தாள். “அப்ப இந்த ஏழுக்கு நாற்பத்திரண்டு வேணும். இன்னும் முப்பது கிளாஸ் தண்ணி விடுங்கோ!”

விட்டோம். வந்தவர்கள் குடித்து முடியாமல் போத்தலில் வீட்டுக்கும் கொண்டுபோனார்கள்.

அடுத்த பரீட்சையில் விகிதக் கணக்கு ஒன்றும் பிழைக்கவில்லை. பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை “செகுண்டார்” என்றபோது, மேசைக்கு அடியில் யாழினி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

இப்போது யாழினி சூரிச்சில் பாலங்களின் பாரம் கணிக்கிறாள். அன்று அவள் கணக்குகளைப் பக்கத்திலிருந்து பார்த்தேன், எல்லாம் விளங்கியது. இன்று போனில் கேட்கிறேன், பாதிதான் விளங்குகிறது.

“அவசரப்படாதேங்கோ அப்பா, திரும்பச் சொல்லுறன்” என்கிறாள்.

விளங்கியதையும் சில நாள் அவளைத் திரும்பச் சொல்லச் சொல்கிறேன்...