பூசையில் வாசித்த ஏழு பெயர்கள்

நாங்கள் குடியேறியிருந்த ஸ்பிரிங்வேலில் எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருந்த வெள்ளைக்காரருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. நான் அவரை ஜாக் அங்கிள் என்பேன். அந்த வயதுக்கு அங்கிள் என்பது பொருந்தாதுதான். ஆனால் எங்கள் வீட்டில் சொந்தமில்லாத பெரியவர்கள் எல்லோருமே அங்கிள்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. வகுப்பிலேயே நல்ல கையெழுத்து என்னுடையதுதான் என்ற கர்வமும் இருந்தது.

அவருடைய சுவரில் ஒரு படம் தொங்கியது. குண்டுவீச்சு விமானம் ஒன்றின் முன்னால் ஏழு இளைஞர்கள் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் எடுத்த படம். ஒருநாள் காலை அந்த விமானம் குண்டுப் பாரத்தோடு ஓடுபாதையில் வேகமெடுத்தபோது சில்லின் டயர் வெடித்து, விலகி ஓடித் தீப்பிடித்துவிட்டது. வால்பக்கத்தில் துப்பாக்கியோடு இருந்த ஜாக் அங்கிள் மட்டும் தூக்கி எறியப்பட்டுத் தப்பினார். இதை அவர் அப்பாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. அப்பா போருக்குத் தப்பி மன்னாரிலிருந்து வந்தவர். இந்த விஷயத்தில் எந்த இடத்தில் கேள்வியை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

கத்தோலிக்கர்களான எங்களுக்கு நவம்பர் ஆத்துமாக்களின் மாதம். இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கோயிலில் கொடுத்தால், தமிழ்ப் பூசையில் பங்குச் சுவாமி ஒவ்வொன்றாக வாசிப்பார். பெற்ற தாய்மாரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள், விமானத்தில் செத்த அந்தப் பிள்ளைகளுக்கு இனி யார் பூசை ஒப்புக்கொடுப்பது என்று அம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. ஜாக் அங்கிள் கோயில் பக்கமே போகாதவர். அம்மா பெயர்களைக் கேட்டபோது, தானும் வரலாமா என்றார். பிறகு படத்தைக் கழற்றி, பின்பக்கத்தில் இருந்த பெயர்களைப் பார்த்து எழுதும்படி என்னிடம் தந்தார். நான் ஒன்றுவிடாமல் அழகாக எழுதிக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு எங்களோடு முன்வரிசையில் இருந்தார். சந்தியாப்பிள்ளைக்கும் சூசையம்மாவுக்கும் நடுவில் அந்த வெள்ளைக்காரப் பெயர்கள் வந்தன. சுவாமி அவற்றையும் மன்னார்ப் பெயர்களைப் போலவே இழுத்து வாசித்தார். ஆறு பெயர்கள் முடிந்தன. ஏழாவதாக ஜாக் அங்கிளின் பெயரை வாசித்ததும் அவர் எழும்பி நின்றார். கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

அம்மா என் காதருகே குனிந்தாள். "என்ன வேலை செய்து வைச்சிருக்கிறாய் பிள்ளை? உயிரோடை இருக்கிற மனிசனைச் செத்தவையோடை சேர்த்து எழுதிப்போட்டியே."

இனி அவர் எங்கள் வாசலை மிதிக்கமாட்டார், எல்லாம் என்னால்தான் என்று எனக்கு அழுகை வந்தது. சுவாமி மற்றப் பெயர்களையெல்லாம் வாசித்து முடிக்கும்வரை அவர் உட்காரவே இல்லை.

பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். அப்பா அவரிடம் மன்னிப்புக் கேட்டு, அடுத்த வருடம் அந்தப் பெயரை எடுத்துவிடுகிறோம் என்றார். ஜாக் அங்கிள் மறுத்துவிட்டார். எடுக்க வேண்டாம், படையில் கூப்பிட்டதுபோல எங்கள் ஏழு பேரையும் ஒன்றாகப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு அறுபது வருடமாகிறது என்றார். பிறகு தேநீரோடு தின்னக் கொடுத்த ஒரு ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, யார் நன்றாகப் பாடுவான், யாருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார். அப்பா கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். மண்டபத்தைப் பூட்ட ஆள் வரும்வரை அவர் பேச்சை நிறுத்தவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு நவம்பரும் அவர் எங்களோடு வந்தார். நானும் ஏழு பெயர்களையே எழுதினேன். ஏழாவது பெயருக்கு அவர் எழும்பி நிற்பார்.

முதல் வருடம் ஏச்சிலிருந்து தப்பிய சந்தோஷத்தில் நான் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன். தான் இன்னும் சாகவில்லை என்று எங்கள் சனத்துக்குக் காட்டத்தான் மனிதர் எழும்பி நிற்கிறார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.